மேலே யார் இடிக்கிறார்கள்

மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது என் தொழில். ஒரு செயலி ஒழுங்காக ஓடுகிறது என்று அதை எழுதியவரே வந்து சொன்னாலும் நான் நம்பக் கூடாது. நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். காலையில் மடிக்கணினியைத் திறந்ததும் தொடங்கும் இந்தச் சந்தேகம், மாலையில் அதை மூடினாலும் என்னோடு எழுந்து வந்துவிடும். வீட்டில் விருந்தினர்கள் தங்கத் தொடங்கிய பிறகு அதற்கு ஓய்வே இல்லை.

அம்மா வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, மயிலாப்பூரில் எங்கள் முதல் மாடி வீட்டின் மூன்று படுக்கையறைகளில் இரண்டை வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப்போகும் அறைகளாக மாற்றினார். நடு அறையில் நாங்கள் இருவரும். உறவினர்கள் சிரித்தார்கள். அம்மா கவலைப்படவில்லை. "இத்தனை வருஷம் அடுத்தவா போட்ட சட்டத்துல வேலை பாத்தாச்சு. இது என்னோடது" என்றார். திரைச்சீலைத் துணிக்காக தி. நகரில் கடை கடையாக ஏறி இறங்கினார். இணையத்தில் வீட்டைப் பற்றி எழுதச் சொன்னபோது முதல் வரியாக "அமைதியான வீடு" என்று போடச் சொன்னவரும் அவர்தான்.

எங்கள் கட்டடத்தில் நான்கே வீடுகள். தரைத்தளத்தில் ஒரு நர்ஸ், முதல் மாடியில் நாங்கள், இரண்டாம் மாடியில் குடியிருப்போர் சங்கத்தின் செகரட்டரி. மூன்றாம் மாடி வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், கதவு பூட்டியே கிடக்கும். செகரட்டரி ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: இது குடும்பங்கள் இருக்கிற கட்டடம், லாட்ஜ் அல்ல, உருப்படியான புகார் ஒன்றே ஒன்று வந்தாலும் அறை வாடகைக்கு விடுவதை நிறுத்திவிட வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

ஆகவே ஒவ்வொரு விருந்தினரும் படியேறி வரும்போதே நான் அவர்களை எடை போடுவேன். சக்கரப் பெட்டியைத் தூக்காமல் படிக்குப் படி இழுத்து ஏற்றுகிறவர்கள் ஒரு வகை. ஸ்பீக்கரில் பேசி, மறுமுனையில் இருப்பவரின் குடும்பச் சண்டையை நமக்கும் பங்கு வைக்கிறவர்கள் இன்னொரு வகை. காலை ஆறு மணிக்கு ஹாலில் நின்று "காபி இருக்கா?" என்று வீட்டின் எல்லா அறைகளையும் கேட்கிறவர்கள். கதவைச் சாத்தாமல் காற்றிடம் அந்த வேலையை விட்டுவிடுகிறவர்கள். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. தங்கள் வீட்டில் எப்படியோ அப்படியே இங்கேயும் இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் எங்கள் தரை, கீழ் வீட்டின் கூரை.

அந்த மார்கழியில் ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணி வாக்கில், கீழ் வீட்டு அக்கா வந்து மணி அடித்தார். நைட்டியின் மேல் துண்டு. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"இன்னா மாமி, மேல அம்மி கொத்திக்கினு கீறீங்களா?"

அம்மா பதறிப்போய் உள்ளே வரச் சொன்னார். அக்கா வரவில்லை. ராயப்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் இரவுப் பணி. காலை எட்டரைக்கு வீடு வந்து, குளித்து, ஒன்பதரைக்குப் படுப்பவர்.

"நைட்டு பூரா வார்டுல நின்னுக்கினே இருந்துட்டு வரேன். தலைய சாச்சா போதும்னு கீது. அப்பத்தான் ஆரம்பிக்குது. டொம் டொம் டொம்னு மூணு இடி. கொஞ்சம் நேரம் சும்மா கீது. சரி, வுட்டுட்டாங்கன்னு கண்ண மூடுனா, மறுபடி மூணு. மூணு நாளா இதே தான்."

"எந்த ரூம்லேர்ந்து வரதுன்னு தெரியறதா?" என்றார் அம்மா.

"எந்த ரூமுன்னு இன்னாத்த சொல்றது? கூரை பூரா இடிக்குது. நான் படுக்கிற எடம் உங்க டைனிங் டேபிளுக்கு நேரா கீழ."

பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தணித்துச் சொன்னார். "பாப்பா, நேத்து ஒரு பேஷண்டுக்கு ஊசிய எடுத்துக்கினு நிக்கிறேன், எந்தப் படுக்கைன்னு மறந்துபூட்டுது. சார்ட்ட ரெண்டு தடவ பாத்துத்தான் போட்டேன். எனக்கே பயமாப்பூட்ச்சு. ஞாயித்துக்கிழம மீட்டிங் கீது. அதுக்குள்ள நிக்கலைன்னா நான் சொல்லித்தான் ஆவணும். என்னைத் தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க முடியவில்லை. ஆனால் அவர் இறங்கிப் போனதும் அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பார்த்துப் பழகாத முகம் அது.

அந்த வாரம் எங்களிடம் இரண்டு தரப்பு விருந்தினர்கள் இருந்தார்கள்.

பின் அறையில் ஒரு மாமா. டெல்லியில் மத்திய அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாள். மார்கழிக் கச்சேரி சீசனுக்கு மூன்றாவது ஆண்டாக எங்களிடம் வருகிறார், மாதம் முழுக்கத் தங்குவார். முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆனவர் என்பதால் அவருக்காகவே அம்மா ஜன்னலோரம் ஒரு தேக்கு பெஞ்சைப் போட்டு வைத்திருந்தார். மதியத்திலிருந்து இரவு வரை சபா சபாவாகப் போவார். காலையில் அறைக்குள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பார். நடந்தால் செருப்புச் சத்தம் வராது. டம்ளரைக் கீழே வைத்தால் சத்தம் வராது. அம்மாவுக்கு அவர் முன்மாதிரி விருந்தினர்.

முன் அறையில் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். அரையாண்டு விடுமுறைக்குச் சென்னை பார்க்க வந்தவர்கள். கணவர் தொலைபேசியில் பேசும்போது ஈரோட்டுக்கு நேரடியாகவே கேட்கும்படி பேசுவார். மனைவி சமையல் வீடியோக்களை முழுச் சத்தத்தில் பார்ப்பார். பிள்ளைகள் ஒரு கட்டிலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார்கள். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதும் பால்கனியிலிருந்துதான்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாமாவும் எனக்கு ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டே இருந்தார். "முன் அறையில் மறுபடி கூச்சல்." "குழந்தைகள் குதிக்கிறார்கள், கவனிக்கவும்." ஒவ்வொன்றுக்கும் நேரம், இடம், சத்தத்தின் தன்மை. எங்கள் அலுவலகத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் குறை எழுத மாட்டார்கள். எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது.

அன்று மாலை நான் முன் அறைக் கதவைத் தட்டினேன். சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். கீழே இரவுப் பணி செய்பவர் தூங்குகிறார். பிள்ளைகள் குதிக்கக் கூடாது. பெட்டிகளை இழுக்கக் கூடாது. நாற்காலியைத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும்.

கணவர் முகம் சுருங்கிவிட்டது. "அட, எங்களாலீங்களா? ஏனுங், மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்." உடனே பிள்ளைகள் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கும் குரலில், "டேய்! சத்தம் போடக் கூடாதாமா! கீழ நர்ஸம்மா தூங்குறாங்கொ!" என்றார்.

"நீங்க கத்துறதுதானுங்க பெரிய சத்தம்" என்றார் மனைவி.

"நான் சொல்லிப்போட்டுத்தான புள்ள நிறுத்த முடியும்?"

நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நம்பவில்லை. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்பவர்கள் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

மறுநாள் வியாழன். காலையிலிருந்தே முன் அறையில் ஏதோ குசுகுசுவென்று பேச்சு. பிள்ளைகள் இருவரும் நுனிக்காலில் நடந்து குளியலறைக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். பதினொரு மணிக்கு அக்காவிடமிருந்து என் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. "இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டாங்க."

இங்கேதான் என் சந்தேகம் தறிகெட்டு ஓடியது. நான் முன் அறைக்கு எதிரிலேயே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு இடியும் என் காதில் விழவில்லை. அப்படியென்றால் அக்கா பொய் சொல்கிறாரா? ஏன் சொல்ல வேண்டும்? எங்கள் விருந்தினர்களின் வண்டிகள் அவருடைய ஸ்கூட்டரை மறித்து நின்றதுண்டு. தண்ணீர்த் தொட்டி சீக்கிரம் காலியாகிறது என்று ஒரு தடவை முணுமுணுத்தாராம். இல்லையென்றால் செகரட்டரி தூண்டிவிட்டாரா? அவருக்கு முதலிலிருந்தே இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. புதன்கிழமை காலை அவர் கீழ் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்ததை நான் பால்கனியிலிருந்து பார்த்திருந்தேன். என்ன பேசினார்கள்?

மாமாவையும் விட்டுவைக்கவில்லை. காலையில் ஏன் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறார்? சபாவுக்குக் கிளம்பும்போது சட்டைப் பையில் தொலைபேசியை ஏன் தலைகீழாக வைத்து, கைக்குட்டையால் பாதி மூடுகிறார்? அதற்கு விடை எனக்குத் தெரிந்தது. கச்சேரிகளைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்கிறார். முந்தின நாள் பதிந்ததை மறுநாள் காலை தாழிட்டுக்கொண்டு கேட்கிறார். சபாவில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், பதிவு செய்யக் கூடாது என்று. ஆனால் அது சபாவின் பிரச்சினை. இயர்போனில் கேட்பவரால் கீழ் வீட்டுக் கூரை இடியாது. அவரை ஒதுக்கி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வேலையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கே வந்தார். பை கூடத் தோளில் இருந்தது.

"பாப்பா, நீ என்ன நம்பல இல்ல?"

நான் பார்வையை மடிக்கணினிக்குத் திருப்பினேன்.

"மூஞ்சில எழுதி ஒட்டிக்கீது. வா, நீயே வந்து என் கட்டில்ல படு. நான் சேர்ல குந்திக்கினு கீறேன். ரெண்டு பேரும் கேப்போம்."

அன்று அந்த ஈரோட்டுக் குடும்பம் ஒன்பது மணிக்கே தி. நகருக்குத் துணி எடுக்கக் கிளம்பிவிட்டது. அம்மா குளக்கரைப் பக்கம் காய் வாங்கப் போயிருந்தார். நான் அலுவலகக் கூட்டம் ஒன்றைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கீழே போனேன்.

அக்காவின் அறை இருட்டாக இருந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்து மாட்டியிருந்தார். ஒரு மூலையில் மேசை மின்விசிறி. அதன் இரைச்சல் மற்ற சத்தங்களை மூடும் என்று அதற்காகவே வைத்திருந்தாராம். கட்டிலில் படுத்தேன். தலையணைக்குப் பக்கத்தில் பஞ்சு உருண்டைகள் கிடந்தன. காதில் அடைத்துக்கொள்வதற்கு. பொய் சொல்கிறவர் பஞ்சு வாங்கி வைப்பாரா என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தது.

டொம். டொம். டொம்.

கூரைக்குள்ளிருந்து யாரோ முஷ்டியால் குத்துகிற மாதிரி. மேலே எனக்கு ஒரு நாளும் கேட்காத சத்தம். இடைவெளி. பிறகு மறுபடி மூன்று. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை விரித்துக் காட்டினார், பார்த்தாயா என்பது போல.

நான் உடனே ஈரோட்டுக்காரருக்கு போன் செய்தேன். யாராவது ஒருவர் அறையில் தங்கியிருக்கலாம், பிள்ளைகளில் ஒன்று காய்ச்சல் என்று படுத்திருக்கலாம். அந்தப் பக்கம் கடைவீதி இரைச்சல். "சொல்லுங், இங்க நாலு பேருமே சேலைக் கடையில சிக்கிட்டமுங்க!" மனைவியும் பிள்ளைகளும் பின்னால் கத்துவது தெளிவாகக் கேட்டது. போனை வைத்தேன். மேலே டொம், டொம், டொம்.

வாஷிங் மெஷினா? அணைத்துவிட்டுத்தான் வந்தேன். தண்ணீர்க் குழாயில் காற்றா? காற்றுக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது. மூன்று இடிகளுக்கும் இடையில் சரிசமமான நேரம். அதன் பிறகு வரும் இடைவெளி அதைப்போல இரண்டு மடங்கு. கண்ணை மூடிக்கொண்டு அந்த இடைவெளியை அளக்கப் பார்த்தேன். அளப்பதற்காக என் வலது கை தானாகவே நகர்ந்தது. சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு டொம்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாவது இடிதான் முதல் இடி. நாங்கள் எல்லோரும் தவறான இடத்திலிருந்து எண்ணியிருக்கிறோம். ஒரு தட்டு, மூன்று விரல். ஒரு தட்டு, ஒரு வீச்சு. ஒரு தட்டு, ஒரு வீச்சு. விரல் எண்ணுவதும் கையைத் திருப்புவதும் கீழே கேட்காது. தட்டு மட்டும்தான் கேட்கும். ஆதி தாளம். ஏழு வயதில் பாட்டு வகுப்பில் நான் கற்றுக்கொண்ட எட்டு எண்ணிக்கை.

"இன்னாச்சு?" என்றார் அக்கா.

"யாருன்னு தெரிஞ்சுடுச்சு அக்கா."

மேலே போகும்போது படியிலேயே எனக்கு இன்னொன்றும் புரிந்தது. அந்தத் தட்டுகள் என் காதில் விழாமல் இல்லை. மாமாவின் அறைக் கதவைத் தாண்டும்போதெல்லாம், காபி வைக்கப் போகும்போதெல்லாம் லேசாக ஒரு 'தப்' கேட்டிருக்கிறேன். அம்மாவும் கேட்டிருக்கிறார். எங்கள் தெருவில் மார்கழியில் பேருந்துக்குக் காத்திருக்கிறவர்கூடத் தொடையில் தாளம் போடுவார். அம்மா அடுப்பு மேடையில் போடுவார். வீட்டில் கேட்கும் சத்தங்களையெல்லாம் நான் ஒன்றுவிடாமல் யோசித்தேனே, மிக்ஸி, நாற்காலி, கதவு, வாளி என்று. தாளத்தை நான் அதில் சேர்க்கவே இல்லை. எங்களுக்கு அது சத்தமே கிடையாது.

கதவைப் பலமாகத் தட்டினேன். இயர்போனைக் கழற்றிக்கொண்டே மாமா தாழ் திறந்தார். ஜன்னலோரம் தேக்கு பெஞ்சு. அதன் நான்கு கால்களும் நேராகத் தரையில். அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் பலகை வழவழவென்று இருந்தது.

"மாமா, தாளத்தை பெஞ்சுலதான் போடறேளா?"

"ஆமா. முட்டி ஆபரேஷனுக்கு அப்பறம் தொடைல தட்டினா வலிக்கறது. ஏன்?"

சொன்னேன். பெஞ்சு, கால்கள், தரை, கீழே தூங்குபவர், எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"முன் ரூம் குழந்தைகள் குதிக்கறது. அதைச் சொல்றா அவா."

"முன் ரூம்ல யாருமே இல்லை மாமா. தி. நகர் போயிருக்கா."

"அப்போ வேற ஏதாவது இருக்கும். தாளத்தைப் போய் யாராவது இடிக்கறதும்பாளா?"

அம்மா கத்தரிக்காயும் கீரையுமாக உள்ளே வந்தபோது நாங்கள் இப்படியே நின்றுகொண்டிருந்தோம். அம்மா விஷயத்தைக் கேட்டார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, நீங்க ஒரு தடவை கீழ போய்க் கேளுங்கோ. இவ இங்கேர்ந்து போடட்டும்" என்றார்.

அவர் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கிப் போனார், கூட அம்மாவும். நான் பெஞ்சில் உட்கார்ந்து தாளம் போட்டேன். மேலே அது ஒன்றுமே இல்லை. கோவிலில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொள்கிற அளவுக்குத்தான் சத்தம். அவர் திரும்பி வரும்வரை போட்டேன்.

மாமா வாசலில் நின்று மூச்சு வாங்கினார். நான் எழுந்து நின்றேன்.

"உனக்குக் காலப்பிரமாணம் ஓடறது" என்றார். "கடைசி நாலு ஆவர்த்தம் ரொம்பவே ஓடிடுத்து."

பின்னாலேயே ஏறி வந்த அக்காவுக்கு அது புரியவில்லை. "இன்னாது ஓடுது?"

"தாளம் கொஞ்சம் வேகமாப் போயிடுச்சாம்" என்றேன்.

"சார், இங்க என் தூக்கமே ஓடிக்கினு கீது. அத்தக் கொஞ்சம் புடிச்சுக் குடுங்க."

"இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா," என்று மாமா ஆரம்பித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் எதுவும் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. கீழே அந்த இருட்டு அறையில் நின்று அத்தனை தட்டுகளையும் அவர் கேட்டிருக்கிறார். அவருக்குக் கேட்டது தாளம். அக்காவுக்குக் கேட்ட இடி அவருக்குக் கடைசிவரை கேட்கவே இல்லை.

அம்மா ஒவ்வொரு வழியாகச் சொல்லிப் பார்த்தார். மெத்தையில் உட்கார்ந்து போடலாமே? மெத்தையில் தட்டு விழாது என்றார் மாமா. பெஞ்சை மொட்டை மாடிக்கு ஏற்றித் தரட்டுமா? வெயில். பன்னிரண்டு மணி வரைக்கும் தாளம் போடாமல் சும்மா கேட்கக் கூடாதா?

"கேக்கறதே அதுதானே அம்மா? தாளம் போடாமக் கேட்டா ரேடியோ வெச்ச மாதிரி. நான் வருஷாவருஷம் இங்க வரதே, இந்த வீட்டுல சங்கீதம் தெரிஞ்சவா இருக்கான்னுதான். அந்த ஈரோட்டுக் கூச்சலை எத்தனை நாளாப் பொறுத்துண்டு இருக்கேன்! என்னைப் போய் சத்தம்னு சொன்னா, நான் வேற இடம்தான் பாத்துக்கணும்."

அம்மா எந்த விருந்தினரையும் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. கெட்டுப்போன ஹீட்டருக்கும் அவரே மன்னிப்புக் கேட்பார், அதை உடைத்தவரிடம். அக்கா வாசல் நிலையில் சாய்ந்து, நின்றபடியே கண்ணை மூடியிருந்தார். அம்மா அவரைப் பார்த்தார்.

"பாத்துக்கோங்கோ மாமா" என்றார். "சாயங்காலத்துக்குள்ள கிடைச்சா சௌகரியம். டாக்ஸிக்கு இவ சொல்லுவா."

மாமாவுக்கு அடையாறில் ஓர் அறை கிடைத்தது. மாலையில் கிளம்பும்போது அவருடைய பெட்டியை ஈரோட்டுக்காரர் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார், ஒரு படியிலும் இடிக்காமல். டாக்ஸி போனதும் என் பக்கம் வந்தார்.

"ஏனுங், எங்களைத்தானுங்க நெனச்சீங்?"

"ஆமாம்" என்றேன். மறைக்கத் தோன்றவில்லை.

"பரவால்லீங். நாங்களுமே எங்களைத்தான் நெனச்சோம்."

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கவில்லை. சனிக்கிழமை காலை முழுக்கக் கீழேயிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. அது நல்ல அறிகுறி என்று அம்மா சொன்னார். நான், அக்கா போனை அணைத்து வைத்திருக்கலாம் என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் செகரட்டரி சபாவுக்குப் போய்வந்தார். திரும்பி வரும்போது எங்கள் கதவை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே ஏறினார். அவரும் மாமாவும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கச்சேரி கேட்பவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம். வண்டி நிறுத்தும் இடத்தில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். செகரட்டரி, அம்மா, நான். ஒன்று காலி.

"மேடம், எனக்கே சங்கடமாத்தான் இருக்கு" என்று செகரட்டரி ஒரு தாளைப் பிரித்தார். "உங்க கெஸ்ட்டே எழுதிக் குடுத்திருக்கார். முன் ரூம்ல எந்நேரமும் கூச்சல், குழந்தைகள் ஆட்டம், நீங்க கண்டிக்கறதே இல்லைன்னு. தேதி வாரியா இருக்கு."

அந்த வாக்கியங்கள் எனக்கு நன்றாகத் தெரியும். என் தொலைபேசிக்கு வந்தவைதான். சத்தம் போட்டவரே எங்கள்மேல் சத்தத்துக்காகப் புகார் கொடுத்திருக்கிறார். அதுவும் அவ்வளவு ஒழுங்காக எழுதி. எனக்குக் கோபம்கூட வரவில்லை. இதை எப்படி முறியடிப்பது என்று மட்டும் ஓடியது. கீழ் வீட்டு அக்கா வந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும். முன் அறைச் சத்தம் அவருக்குக் கேட்டதே இல்லை. இடித்தது யார், அம்மா என்ன செய்தார் என்பதையும் அவர்தான் சொல்ல முடியும்.

"கீழ் வீட்டுக்காரங்க என்ன சொல்றாங்களோ அதுதான் முடிவு. அவங்களுக்குத்தானே பாதிப்பு?" என்றார் செகரட்டரி. எழுந்து அக்காவின் கதவை நோக்கி நடந்தார். அழைப்பு மணியை நோக்கி அவர் கை நீண்டது.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கதவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"தூங்கறா. எழுப்பாதீங்கோ."

"ரெண்டு நிமிஷம் மேடம். உங்களுக்காகத்தான் சொல்றேன். அவங்க வரலைன்னா இந்தக் கம்ப்ளெய்ன்ட்டை நான் அப்படியே ஏத்துக்க வேண்டியிருக்கும்."

"ஏத்துக்கோங்கோ."

"அப்பறம் ரூம் விடறதை நிறுத்தணும். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"தெரியும். ராத்திரி பூரா முழிச்சிண்டு வந்திருக்கா. அவ தூக்கத்தைக் கெடுக்கப்படாதுன்னுதான் இவ்வளவும். இப்போ எனக்காக அவளையே எழுப்பறதா?"

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். ஒரு தடவை, இந்த ஒரு தடவை எழுப்பலாமே என்று எனக்குத் தோன்றியது. அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மேலே பால்கனியில் ஈரோட்டுப் பிள்ளைகள் இருவரும் வந்து நின்றார்கள். "அப்பா! ஆட்டோ வந்துருச்சு! சீக்கிரம் வாங்!" உள்ளேயிருந்து அப்பாவின் குரல், அதைவிடப் பெரிதாக: "நிக்கச் சொல்றா! செருப்பக் காணோம்!" தெருவில் போன ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

செகரட்டரியின் முகத்தில், இதோ பாருங்கள் என்பது போல ஒரு களை. நாங்கள் மூவரும் அக்காவின் கதவைப் பார்த்தோம். ஜன்னலில் கறுப்புத் துணி அசையவில்லை. உள்ளே மேசை மின்விசிறி ஓடும் ஒலி, அதற்கு அடியில் வேறொன்று. கொஞ்சம் காதைக் கொடுத்தால்தான் தெரியும். அக்காவின் குறட்டை. மேலே மறுபடி ஒரு கூச்சல் எழுந்தது. குறட்டை நிற்கவில்லை.

செகரட்டரி கதவுப் பக்கம் தலையைச் சாய்த்து அந்தக் குறட்டையைக் கேட்டார். கையிலிருந்த தாளைப் பார்த்தார், பால்கனியைப் பார்த்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

"கம்ப்ளெய்ன்ட்ல ஒண்ணும் இல்லைன்னு எழுதிடறேன்" என்றார். அதை அவர் கிசுகிசுப்பாகச் சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தரையில் இழுக்காமல், ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் வைத்தோம்.